ஈடேலுக்கு முன்னால் நின்ற மெட்டு

சனிக்கிழமை பகல் மட்டும் லியானுடையது. கோர்ட் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தது. பதினொன்றரை மணிக்கு ஈடேல் நிலையத்தில், பிரிந்துபோன கணவன் நீல் மகள் மார்த்தாவோடு நிற்பான். லியான் ரயிலிலிருந்து இறங்கிப் பிள்ளையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். போன இரண்டு சனிக்கிழமையும் ரயிலிலேயே தூங்கிப்போய், கடைசி நிலையமான ஷெஃபீல்டில்தான் கண் விழித்தாள். எதிர் ரயில் பிடித்துத் திரும்புவதற்குள் நீல் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

"மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா நான் மறுபடி கோர்ட்டுக்குப் போறேன்," என்றான் ஃபோனில். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

ரொட்டித் தொழிற்சாலையில் பத்து மணி நேர இரவு வேலையை முடித்துவிட்டு மான்செஸ்டரில் ரயில் ஏறினாள். கையில் ஒரு பை, அதில் கோணலாக வெந்த ரொட்டிகள் மூன்று. விற்க முடியாததைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொள்ளலாம். மார்த்தாவுக்குக் கோணல் ரொட்டிதான் பிடிக்கும்.

இரண்டே பெட்டி ரயில். மலையில் நடக்கப் போகிறவர்கள் மூட்டையும் நாயுமாக இரண்டையும் நிரப்பியிருந்தார்கள். ஒரே ஓர் இருக்கை காலியாக இருந்தது. ஏன் காலி என்பது உட்கார்ந்த பிறகு தெரிந்தது. சுற்றிலும் பத்து வாத்தியக்காரர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவர்கள் ஏறுவார்கள். நாட்டுப்புற மெட்டுகளை வாசித்துக்கொண்டே மலைப்பக்கம் போய், ஏதாவது ஒரு பப்பில் வாசித்துக் குடித்துவிட்டு, மாலை ரயிலில் வாசித்துக்கொண்டே திரும்புவார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் இசை இலவசம், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும்.

மற்ற நாளாக இருந்தால் லியான் நின்றுகொண்டே போயிருப்பாள். இன்று அது வசதி என்று தோன்றியது.

"நல்லா சத்தமா வாசிங்க," என்றாள் எதிரே இருந்த வயலின்காரியிடம். "நான் தூங்கிடக் கூடாது."

"சத்தமாமே. கேட்டியா ரெக்?" அந்த மெலிந்த பெண் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தாள்.

"பதினோரு வருஷத்துல ஒருத்தியாவது நம்ம வாசிப்பு வெறும் சத்தம்னு உண்மையச் சொன்னாளே. விடு ஹேஸல்," என்றான் ரெக். பெரிய தொந்திமேல் அக்கார்டியனை ஏற்றி வைத்திருந்த ஆள். விரல் நகங்களில் குழாய் ரிப்பேர்காரனின் கறுப்பு. "எங்க இறங்கணும்மா?"

"ஈடேல். ஃபோன்ல அலாரம் வச்சிருந்தேன், சார்ஜ் போயிடுச்சு. அங்க என் பொண்ணு நிக்கும். இன்னிக்கும் விட்டேன்னா அதோட அப்பன் அப்புறம் பாக்கவே விடமாட்டான்."

சொல்ல நினைத்ததல்ல. தூக்கமில்லாத வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

"அதுக்கென்ன, நாங்க எழுப்பி விடுறோம்."

"என்னை எழுப்புறது லேசில்ல. இடைவேளையில ரொட்டி ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குற ஆளு நான். அது ஓடிட்டிருந்தா உலுக்கினாலும் எழுந்திரிக்க மாட்டேன். பெல்ட் நின்னாத்தான் முழிப்பு வரும்."

"முதல்ல நாம சத்தம், இப்ப மிஷின்," என்றாள் ஹேஸல். "இன்னும் ரெண்டு ஸ்டேஷன் போனா என்ன ஆவோமோ."

"மிஷின் மாதிரிதான் வாசிக்கிறோம்," என்றான் ரெக். "ஒரு ஸ்டேஷன்ல ஆரம்பிச்ச மெட்டு அடுத்த ஸ்டேஷன்லதான் முடியும். நடுவுல நிறுத்துறதே கிடையாது. இதுவரைக்கும் ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல."

"ஒரு தடவை சிக்னல்ல ரயிலை நாப்பது நிமிஷம் நிறுத்திப் போட்டுட்டான்." ஹேஸல் இடது சுட்டுவிரலை நீட்டினாள். நுனியில் வெள்ளைத் தழும்பு. "ஒரே மெட்டு. நாப்பது நிமிஷம். இந்தக் கிறுக்கன் நிறுத்த விடல."

"ரூல்னா ரூல்."

சின்லி நிலையத்தில் ரயில் நின்று கிளம்பியது. அடுத்தது ஈடேல், நடுவில் நீளமான சுரங்கப்பாதை. ரெக் காலால் தரையில் நான்கு தட்டு தட்டினான். பத்துப் பேரும் ஒன்றாகப் பிடித்தார்கள். வேகமான மெட்டு. ஒரு சுற்று முடிந்து அதே சுற்று மறுபடி. காலடிகள் ஒரே சீராகத் தரையை அடித்தன, அடியில் சக்கரங்கள். லியான் உதட்டைக் கடித்தாள், தொடையைக் கிள்ளினாள். இன்னும் எட்டே நிமிஷம். எட்டு நிமிஷம் யாரும் விழித்திருக்கலாம். மெட்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு ரொட்டி போனது. இன்னொரு ரொட்டி. அடுத்தது.

பெல்ட் நின்றது.

லியான் துள்ளி எழுந்தாள். கை தானாகப் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானைத் தேடியது. பொத்தான் இல்லை. பத்துப் பேர் வாத்தியங்களைப் பிடித்தபடி, மூச்சுவிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் திடீர் வெளிச்சம். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்திருந்தது. பச்சைச் சரிவில் ஆடுகள். எங்கோ பின்னால் ஒருவர் மெட்டு முடிந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டி, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"ஷெஃபீல்டா?" என்றாள் லியான்.

"ஈடேல் வருது. எழுந்து நில்லு, மறுபடி உக்காராத," என்றாள் ஹேஸல். "தோளைப் பிடிச்சு உலுக்கினேன். இவன் உன் காதுக்குள்ளயே வாசிச்சான். நீ குறட்டை விட்ட. தாளத்தோட."

"அப்புறம்?"

ஹேஸல் வில்லால் ரெக்கைக் காட்டினாள். அவன் அக்கார்டியனின் மடிப்புகளைப் பாதி விரித்த நிலையில் அப்படியே பிடித்திருந்தான். காற்றை விடவில்லை. முகம் சிவந்திருந்தது.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றான். "இறங்கும்மா. எவ்வளவு நேரம் இதைப் பிடிச்சிட்டு நிக்கிறது."

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. தொழிற்சாலையில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அங்கே யாரும் யாருக்காகவும் எதையும் நிறுத்துவதில்லை. பெல்ட் நின்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கதவு திறந்ததும் லியான் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து ஹேஸலின் மடியில் வைத்தாள்.

"கோணலா இருக்கு," என்றாள் ஹேஸல்.

"உங்க பாட்டு மாதிரி."

ரெக் சிரித்ததில் அக்கார்டியன் ஒரு முனகல் முனகியது.

நடைமேடையில் நீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்த்தா ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பைக்குள் கையைவிட்டாள்.

"ரெண்டுதான் இருக்கு."

"ஒண்ணு ரயில்ல வாசிக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"ஏன்?"

நீல் கேட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்ல நேரமிருந்தது. லேசான பொய், யாருக்கும் தெரியாது. லியான் சொல்லவில்லை.

"தூங்கிட்டேன். எழுப்ப முடியல. எனக்காக வாசிக்கிறத பாதியில நிறுத்தினாங்க. அதுலதான் முழிச்சேன்."

நீல் ஜன்னலுக்குள் பார்த்தான். பத்துப் பேரும் அவனைத்தான் முறைத்தார்கள், வயலின் வில்லை ஈட்டிபோலப் பிடித்த ஒருத்தி உட்பட. அவன் தலையைச் சொறிந்தான். கோட்டுப் பையிலிருந்து மார்த்தாவின் கையுறைகளை எடுத்து லியானிடம் நீட்டினான்.

"அஞ்சு மணிக்குக் கொண்டுவந்து விடு," என்றான். "வர்ற வாரம் காபி கொண்டுவர்றேன். உன்னைப் பாத்தா பொணம் மாதிரி இருக்கு."

ரயில் நகர்ந்தது. உள்ளே நான்கு தட்டு கேட்டது. பிறகு அறுந்த இடத்திலிருந்து, ஒரு சுரம்கூட முன்னே பின்னே போகாமல், மெட்டு மறுபடி எடுத்தது.

"இன்னும் முடிக்கல போல," என்றாள் மார்த்தா, வாய் நிறைய ரொட்டியோடு.

"அடுத்த ஸ்டேஷன்ல முடிப்பாங்க," என்றாள் லியான். கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை கையை உயர்த்தியபடி நின்றாள்.