மச்சம் இருந்த பக்கம்

காந்தஹாரில் படம் எடுத்துப் பிழைக்கிறேன் என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான். தோர்யாலை அவர்களில் ஒருவன். அவன் எடுப்பதும் பாஸ்போர்ட் படம் மட்டும். உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்று சட்டம் வந்தபோது, பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் 'அவசியம்' என்று சொல்லி விட்டுவைத்திருந்தார்கள். கல்யாணப் படம் அவசியமில்லை. இறந்துபோனவர்களின் படத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நன்னெறித் துறையிலிருந்து முல்லா ஜனான் கடைக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்கள், ஹார்ட் டிஸ்க், தோர்யாலையின் போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே ரசீதும் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் அப்படி. தோர்யாலையின் ஒரே மகன் வாதானின் படங்கள் ஒன்றுவிடாமல் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

வாதானுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. டிஸ்க் போவதற்குச் சில மாதம் முன்னால், எல்லைக்கு அந்தப் பக்கம் குவெட்டாவில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு அரசாங்கங்களும் கோபித்துக்கொண்டு எல்லைக் கதவை இழுத்து மூடின. யார் முதலில் இறங்கி வருவது என்று ஐம்பத்திரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றன. நாற்பதாவது நாள் பையன் போய்விட்டான். ஒன்பது வயது.

போனவனின் முகமும் கூடவே போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் காலை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த மனைவி குலாலை திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அவனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

வலது என்றான் தோர்யாலை. இடது என்றாள் அவள். இரண்டு பேரும் அடித்துப் பேசினார்கள், பிறகு இரண்டு பேருக்குமே சந்தேகம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான முகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் அவன். பெற்ற பிள்ளையின் முகத்தில் தடுமாறினான். குலாலை அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒன்று கேட்டாள். புருவம் சேர்ந்திருந்ததா? முன்பல் உடைந்தது பால்பல் விழுவதற்கு முன்னாலா, பின்னாலா? கேள்வி கேட்டுக் கேட்டே பிள்ளையைப் பிடித்துவைக்கப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்த டிஸ்க் எப்படியாவது திரும்பி வரவேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சந்தையில் மாதுளை லோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மவ்லவி பாயிந்தா கடைக்கு வந்தார். கவர்னர் அலுவலகத்தில் வெளிநாட்டு விவகாரம் பார்ப்பவர். பாவம், உலகத்தில் அநேகமாக யாரும் அரசாங்கம் என்று ஒப்புக்கொள்ளாத அரசாங்கத்துக்கு வெளிநாட்டு விவகாரம் பார்ப்பது என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? வருகிற விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பது, அவர் நம்மோடு கைகுலுக்குவதைப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுவது. முத்திரை, கொடி, தூதரகம் எல்லாம் பிறகுதான். முதலில் அந்தப் படம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வடக்கிலிருந்து ஒரு நாட்டின் குழு வருகிறதாம். இதே ஊரில் துணைத் தூதரகம் திறப்பது பற்றிப் பேச்சு. தலைநகரிலிருந்து படம் எங்கே என்று இப்போதே கேட்கிறார்கள். இங்கே ஜனானின் துறை, கவர்னரானாலும் உருவம் உருவம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறது. பாயிந்தா மூன்று நாள் முஃப்தியின் வாசலில் கிடந்து ஒரு மார்க்கத் தீர்ப்பு வாங்கிவந்திருந்தார். விருந்தாளிகளின் முகம் வரலாம், அது அவர்கள் பாடு. கவர்னருக்குத் தோளுக்கு மேலே வரக்கூடாது. தலையில்லாத உருவம் உருவத்தில் சேராது.

தோர்யாலை கேட்டுவிட்டுத் தேநீரை ஊற்றினான். சர்க்கரை பூசிய பாதாம் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினான். பிறகு டிஸ்க்கைப் பற்றிச் சொன்னான்.

"படம் நல்லா வரட்டும் லாலா. திங்கக்கிழமை டிஸ்க் உங்க கையில. என் தாடி மேல ஆணை," என்றார் பாயிந்தா.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் மண்டபத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். குழுவின் தலைவர் வழுக்கைத் தலையும் நல்ல சிரிப்புமாக இருந்தார். கவர்னர் கையை நீட்டினார். தோர்யாலை காமிராவை ஒரு பக்கமாக நகர்த்தினான், இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். கவர்னரின் முகம் போயிற்று, தாடியும் போயிற்று. கடைசியில் வெள்ளைச் சட்டைக் கையும் ஒரு கைக்கடிகாரமும் மிஞ்சின. காமிரா திரையை எட்டிப்பார்த்த விருந்தாளி மொழிபெயர்ப்பாளர் காதில் ஏதோ சொன்னார்.

"யார் கையைக் குலுக்கினீங்கன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்றதுன்னு கேக்கறாரு."

"அரசாங்கத்தோட கையைன்னு சொல்லச் சொல்லு," என்றார் பாயிந்தா. மண்டபமே சிரித்தது. கவர்னரும் சிரித்தார், அது படத்தில் வராது.

தோர்யாலைக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்றால் இவர்களுக்குக் கை நீளுகிறது. முஃப்தி வருகிறார், கம்பளம் வருகிறது, வழி பிறக்கிறது. அந்த ஐம்பத்திரண்டு நாளில் ஒரே ஒருநாள், எல்லைக் கதவருகே யாராவது இப்படிக் கையை நீட்டியிருந்தால் என்ன? அவன் மூச்சை அடக்கிக்கொண்டு ஏழு படம் எடுத்தான். ஏழும் நன்றாக வந்தன.

பாயிந்தா வாக்குத் தவறவில்லை. திங்கட்கிழமை காலை அவரே வண்டியில் ஏற்றி ஜனானின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். ஜனான் தரையில் உட்கார்ந்து தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், டிஸ்க்கை மற்றவற்றோடு சேர்த்துப் போன வியாழக்கிழமை உடைத்தாயிற்று என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" பாயிந்தாவின் குரல் ஏறியது.

"கவர்னர் படமே வேணாம்னு சொன்னவன் நான். நீங்க முஃப்திகிட்ட போனீங்க. இவருக்குப் போக முஃப்தி இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம், மவ்லவி சாகிப்."

தோர்யாலைக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம் அது. ஆனால் அந்த இரண்டு நாளில் தன்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவர் இவர் ஒருவர்தான் என்று தோன்றியது. அதுவே அவனை இன்னும் உடைத்தது.

ஜனான் அவன் பக்கம் திரும்பினார். "பையனா?"

"ஆமா."

"எனக்கும் ஒருத்தன் போனான். படம் ஒண்ணும் கிடையாது. கண்ணை மூடினா வந்து நிக்கறான்."

"எனக்கு வரல முல்லா சாகிப்," என்றான் தோர்யாலை. "அவங்க அம்மாவுக்கும் வரல."

ஜனான் தாள்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். பிறகு, சமாதானம் சொல்லத் தெரியாதவர் சட்டத்தையே சமாதானமாகச் சொல்வதுபோல, தாங்கள் யாருடைய படத்தையும் தேடித்தேடி அழிப்பதில்லை என்றார். பாஸ்போர்ட்டுக்கென்று எடுத்த படம் எதையும் இதுவரை தொட்டதில்லை. அது அவசியம், அதில் தனக்கு வேலையில்லை.

தோர்யாலைக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது. எல்லை மூடியதும், வேறு நாட்டுக்காவது கொண்டுபோகலாம் என்று வாதானுக்குப் பாஸ்போர்ட் மனுப் போட்டிருந்தான். கடையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்து அவனே எடுத்த படம். மனுவில் ஒட்டிக் கொடுத்தான். பாஸ்போர்ட் வருவதற்குள் பையன் போய்விட்டான். அதற்கப்புறம் அந்த அலுவலகம் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டுதான் போவான். அங்கே ஒரு முகம் கிடக்கிறது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அந்த மனு இன்னும் இருக்குமா?" என்று கேட்டான்.

"இருந்தா வாங்கிக்கோங்க. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?" என்றார் ஜனான்.

பாயிந்தா அங்கேயே போனை எடுத்தார். வெளிநாட்டு விவகாரத்தில் அவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று தெரியாது, பாஸ்போர்ட் ஆபீசில் இருந்தது. மத்தியானத் தொழுகைக்கு முன்னால் குமாஸ்தா ஒருவர் தூசி தட்டிய கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். மனுதாரர் இறந்துவிட்டால் மனு தள்ளுபடி, தகப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். தோர்யாலை போட்டான். எழுத்து கோணிக்கொண்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் மனுவை நாலு தடவை எடுத்துப் பார்த்தான். படம் சின்னதுதான், கட்டைவிரல் உயரம். வாதான் மூச்சுப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். 'சிரிக்காதேடா, பாஸ்போர்ட் படம்' என்று அதட்டியது இவன்தான். படம் கழன்றுவிடாமல் இருக்க, பாதி படத்திலும் பாதி தாளிலுமாக அரசாங்க முத்திரையைக் குத்தியிருந்தார்கள். கருநீல வட்டம், மை தடித்து ஊறிப்போனது. பையனின் இடது கன்னம் முழுக்க அதற்குள் போயிருந்தது.

குலாலை அதை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று அவன் நினைத்தான், கத்துவாள் என்றும் பயந்தான். அந்த முத்திரையைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத்தான் தாங்கவில்லை.

"பாதி முகத்தை முத்திரை தின்னுடுச்சு," என்றான்.

அவள் வெளிச்சமாக இருந்த வலது கன்னத்தை உற்றுப்பார்த்தாள். நகத்தால் தூசியைச் சுரண்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இந்தப் பக்கம் இல்ல," என்றாள். ஏழு மாதமாக அவன் கேட்காத ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. "இடதுதான். நான்தான் சொன்னேன்ல?"

பிறகு ஆள்காட்டி விரலை அந்த முத்திரையின் மேல், மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். ரொட்டி ஆறிப்போகிறது என்று அவன் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.