பல்லுப் பேணி

அலுமாரியின் மேல்தட்டையும் துழாவிவிட்டு ஐரிஸ் கதிரையிலிருந்து இறங்கினாள். கணவர் துரைராஜாவின் கட்டுப்பல் அங்கும் இல்லை.

அவருடைய உடல் சவப்பெட்டிக்கு ஆயத்தப்படுத்தக் காலையிலேயே மலர்ச்சாலைக்குப் போய்விட்டது. அங்கிருந்து வந்த கோபிசங்கர் விறாந்தையில் காத்திருந்தார்.

"அன்ரி, மாஸ்ரரின்ரை பல்லைக் கெதியாத் தாங்கோ. வாய் இறுகினாப் பிறகு போடேலாது."

"தேடுறன் தம்பி."

பல்லைப் போடாமல் அவர் தபால்காரருக்குக்கூட முகம் காட்டியதில்லை. போன கிழமையும் படுத்த படுக்கையில் சொன்னார்: "செத்தாலும் என்னைப் பொக்கை வாயோட ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையும், ஐரிஸ்."

"அப்பான்ரை மேசையில பாத்தீங்களோ?" மகள் லவீனா உள்ளேயிருந்து கேட்டாள்.

மேசைக்கு மேலே, மிஷன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்த காலத்தில் அவர் வரைந்த சுறாப் பரிணாமப் படம் தொங்கியது. கீழ்வரிசையில் ஆதிச் சுறா, வாய் மூஞ்சியின் நுனியில். மேலே வர வர வாய் கீழிறங்கித் தாடை பெரிதாகும். "டைனோசர் வர முதலே சுறா வந்திட்டுது" என்று போதகரிடமும் சொல்லுவார். போதகர் தேத்தண்ணீரைக் குடிப்பார்.

படத்துக்குக் கீழே பால்மாப் பேணி. புத்தூர்ப் பக்கம் யார் கிணறு வெட்டினாலும் சைக்கிளில் போய், ஒருகாலத்தில் கடலடியாய்க் கிடந்த சுண்ணாம்புக் கல்லுக் குவியலைக் கிளறி அவர் பொறுக்கிய பற்கள் அதற்குள் இருந்தன. ஐரிஸ் மூடியைத் திறந்தாள். கல்லாய்ப்போன சுறாப் பற்களுக்கு நடுவே, இளஞ்சிவப்பு ஈறோடு, அவருடையது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்பொருநாள் இந்தப் பேணியைத் திறந்துவைத்து அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"சுறாவுக்கு எலும்பில்லை, ஐரிஸ். செத்தா உடம்பு கரைஞ்சுபோம். பல்லுத்தான் மிஞ்சும். எது எதின்ரை வழியில வந்தது எண்டு அதை வைச்சுத்தான் கண்டுபிடிக்கிறம்."

"உங்கடை பல்லை வைச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகினம்?"

"சுன்னாகத்தில ஒரு கெட்டிக்காரப் பல் டொக்டர் இருந்தவர் எண்டு."

"அன்ரி?" கோபிசங்கர் அறை வாசல்வரை வந்துவிட்டார்.

ஐரிஸ் பேணியை மூடினாள்.

"காணேல்லை, தம்பி. பஞ்சு வைச்சு ஏதும் செய்யலாமோ? கன்னம் விழக்கூடாது."

"அது என்ரை பொறுப்பு. ஒருத்தருக்கும் தெரியாது."

தெரியவில்லைதான். மறுநாள் பெட்டியைச் சுற்றி நின்ற பழைய மாணவர்கள், மாஸ்ரர் பாடத்துக்கு நடுவில் எதையோ யோசிக்கிற மாதிரி இருக்கிறார் என்றார்கள்.

சேமக்காலையில் குழிக்கு அருகே வெட்டியெடுத்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல் குவிந்து கிடந்தது. போதகர் செபித்துக்கொண்டிருக்க, ஐரிஸ் குனிந்து அந்தக் குவியலைப் பார்த்தாள். அம்மா விழப்போகிறாள் என்று லவீனா கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்தபின், அவருடைய கட்டிலின் தலைமாட்டில் இருந்த கண்ணாடித் தம்ளரை ஐரிஸ் கழுவினாள். புதுத்தண்ணீர் வார்த்து, பல்லை உள்ளே போட்டு, வழக்கம்போலச் சோசரால் மூடினாள்.