தராசில் தொங்கிய அட்டை

கலையரசன் எழுதிய விதியை ஏமாற்ற ஒரு திருடன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். சிறுசேரியில், வங்கிகளுக்காக இணையப் பணப்பரிமாற்றத்தில் மோசடி பிடிக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. பலர் கையிலிருந்து ஒரு கணக்குக்குப் பணம் வந்து, வந்த சூட்டோடு பலர் கைக்குப் பிரிந்து போனால் அது திருட்டுக் கணக்கு, உடனே முடக்கு. இதற்காக அவனுக்குப் பரிசுக் கோப்பைகூடக் கொடுத்தார்கள்.

விடியலில், கோவளம் கரையில், அவனுடைய பெரியம்மா ஆதியம்மாள் ஐஸ் பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டிருந்தாள். உப்பு அரித்த விரல் வெடிப்புகளில் செதில் ஒட்டியிருந்தது. பெண்கள் கூட்டாகத்தான் ஏலம் எடுப்பார்கள், கூட்டாகத்தான் விற்பார்கள். வாங்குகிறவர்கள் பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் அட்டை ஒன்றே ஒன்று. அது ஆதியம்மாளின் தராசில் தொங்கும். விற்று முடிந்ததும் அவரவர் பங்கைப் போனிலேயே அனுப்பிவிடுவாள்.

அன்று பங்கு போகவில்லை. கணக்கு முடங்கியிருந்தது. மறுநாள் ஏலத்துக்கு யார் கையிலும் காசில்லை.

"பேங்க் வாசல்ல குந்தப்போறோம்," என்றாள் கூட்டாளி தேவிப்பிரியா.

"கூடையோட போங்க. நாத்தம் தாங்காம கம்ப்யூட்டரே எழுந்து ஓடிடும்," என்றான், ஆபீசுக்குக் கிளம்பி அந்தப் பக்கம் வந்த கலையரசன். சிரித்தது அவன் மட்டும்.

பெரியம்மா இழுத்ததால் அவனும் வங்கிக்குப் போனான்.

"நான் நிறுத்தலம்மா, சிஸ்டம் நிறுத்தியிருக்கு," என்றார் மேலாளர் வாசுதேவன். "எல்லார் பணமும் ஏன் உங்களுக்கு வருது? வந்ததும் ஏன் எல்லாருக்கும் போகுது?"

"கூட்டா வித்தா பிரிச்சுக் குடுக்க வேணாமா? நானே வெச்சுகினாத்தான் சார் திருட்டு."

கலையரசன் தரையைப் பார்த்தான்.

"விசாரணை முடியட்டும்."

"நாளைக்கு ஏலம் கீதே?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பெண்கள் வாசற்படியில் குந்தினார்கள். பக்கத்து ஊர் நெம்மேலியில் மீன் விற்கும் பெண்களும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் அட்டையும் செத்துப்போயிருந்தது.

"வெயிலு ஏறுது. நீ ஆபீஸ் போ நைனா," என்றாள் ஆதியம்மாள்.

"பெரியம்மா... அந்த ரூல எழுதுனது நான்தான்."



"எழுதுன கையால அழிக்க முடியாதா?"

"தனியா முடியாது. கம்பெனி ஒத்துக்கணும்."

"அப்ப குந்து."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு அவன் உட்கார்ந்தான். தேவிப்பிரியா ஈரம் சொட்டும் கூடை ஒன்றைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

இறக்கி வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.