பூத்துப்போன பேட்டரி முனை

அக்கம்பக்கத்தில் அவருக்கு நிபுணர் என்று பெயர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிவிடுவது அவருடைய உத்தியோகம். குழாய் ஒழுகினாலும் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். அவர் கை பட்ட பிறகு, ஒழுகிய குழாய் பீய்ச்சி அடிக்கும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ். அன்று காலை பத்து மணிக்கு அவளுக்குத் தலைமை நர்ஸ் பதவிக்கான நேர்முகத் தேர்வு. அவள் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தது. நிபுணர்தான் பெரிய மனது பண்ணி, தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டார். எட்டரை பஸ் போனது. எட்டே முக்கால் பஸ்ஸும் போனது. அவர் தலை வாரி முடித்துக் கீழே இறங்கி, சாவியைத் திருகினார்.

டக், டக், டக், டக். அவ்வளவுதான். என்ஜின் அசையவில்லை.

மறுபடியும் திருகினார். அதே சத்தம். பானெட்டைத் திறந்துவைத்து, இடுப்பில் கைவைத்து நின்றார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். ஐந்து நிமிஷம் போனதும், இல்லை, பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார். தரைத்தளத்துத் தையல்காரர் கழுத்தில் இஞ்சு டேப்போடு வெளியே வந்து, தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார். நிபுணர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் வியர்க்க விறுவிறுக்க வாசல் வரைக்கும் தள்ளினார்கள். அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, வருஷக்கணக்கில் தள்ளினாலும் கிளம்பாது என்று அவள் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பாததும், அந்த யோசனை தையல்காரருடையது என்று தையல்காரரிடமே சொன்னார்.

கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் தட்டிக்கொண்டிருந்தது ஸ்டார்ட்டரே இல்லை, ஏதோ ஒரு இரும்புத் தாங்கி. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது ஐந்து.

டயாலிசிஸ் மெஷின் அலறினால் புது நர்ஸுகள் மெஷினைத்தான் திட்டுவார்கள். அவள் முதலில் ட்யூபைப் பார்ப்பாள், பிறகு கிளாம்பை. பத்தில் எட்டுத் தடவை எங்கேயாவது ஒரு இணைப்புத்தான் தளர்ந்திருக்கும். அவள் காருக்குள் உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. சாவியைத் திருகினாள். டக்டக் சத்தத்தோடு வெளிச்சம் அணைகிற மாதிரி மங்கிப்போய், சாவியை விட்டதும் திரும்ப வந்தது.

"கரண்ட் சரியா வரலைங்க. பேட்டரியப் பாருங்க," என்றாள்.

"பேட்டரியா? புதுசு. ரெண்டு வாரம்கூட ஆகல, நானே என் கையால மாட்டினது. ஊசி போடறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவர் கையால் மாட்டியது என்றதுமே அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இறங்கி வந்து பேட்டரி மூடியைத் தூக்கினாள். பேட்டரி என்னவோ புதுசுதான். அதன்மேல் மாட்டியிருந்த பழைய வயர் முனை முழுக்க வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துப்போயிருந்தது. நிபுணர் அதைத் துடைக்கவும் இல்லை, முறுக்கவும் இல்லை. அவள் இரண்டு விரலால் தொட்டாள். விழப்போகிற பல்லைப் போல அது ஆடியது.

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

அவள் மாடிக்குப் போய் ஒரு சொம்பு வெந்நீரும், குளியலறையிலிருந்து நிபுணருடைய பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்து வந்தாள். வேறு பழைய பிரஷ் வீட்டில் இருந்தது. தேடுவதற்கு நேரம் இல்லை, மனசும் இல்லை. கணவன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினாள், அடுத்து மற்றதை. வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். தையல்காரர் நீட்டிய வெட்டுத்துணியால் ஈரம் போகத் துடைத்து, இரண்டையும் திரும்ப மாட்டி, அசையாதபடி முறுக்கினாள்.

"ஷாக் அடிக்கப்போகுது, அப்புறம் என்னைச் சொல்லாதே," என்று நிபுணர் நான்கடி தள்ளி நின்று எச்சரித்தார்.

ஒரே திருகலில் என்ஜின் கிளம்பியது. நிபுணர் தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் வந்தார்.

"நான் தட்டினேன்ல, அதுல ஸ்டார்ட்டர் பிடிச்சுக்கிச்சு. நகரு, நான் ஓட்டறேன்."

அவளுக்குக் கோபம் வரும் என்று தையல்காரர் எதிர்பார்த்தார். அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற மாதிரி அவரை ஒரு முறை பார்த்தாள்.

"நீங்க பஸ்ல போங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். அவள் முறை வந்ததும், மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேசையில் மூத்த டாக்டர் அவள் நகக்கண்களில் இருந்த கறுப்பு அழுக்கைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கார் நின்றுவிட்டது என்றாள். யார் சரி பண்ணினது என்று அவர் கேட்டார்.

"நான்தான் சார்."

அதற்கு முன் அந்த வாக்கியத்தை அவள் எங்கேயும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாவற்றையும் நிபுணர் சரிபண்ணியதாகத்தான் பேச்சு. அவள் சத்தமில்லாமல் பின்னாலேயே போய்த் துடைத்துவைப்பாள்.

நாலு நாள் கழித்து உத்தரவு வந்தது. பதவி அவளுக்குத்தான். தையல்காரரிடம் சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம் தங்கச்சி" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் நிபுணர் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நேர்முகத் தேர்வு அன்று கார் மக்கர் பண்ணியதையும், தான் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பதவி கை நழுவிப் போயிருக்கும் என்பதையும் விலாவாரியாகச் சொன்னார். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். திருத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. காய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.