ஐந்தாவது சீட்டு

கேள்விகளையும் ஃபர்ஹானாவே எழுதித் தர வேண்டுமாம். டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் சபையில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்காக ஐந்து சீட்டில் ஐந்து கேள்வி எழுதி, பின்வரிசையில் ஐந்து பேர் கையில் முன்கூட்டியே திணித்துவிட வேண்டும். தேர்வாளருக்குப் பொன்னாடை, மட்டன் பிரியாணி எல்லாமும் ஃபர்ஹானா தலையில்தான். "எல்லாரும் செய்றதுதாம்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் சிவசாமி. வெட்கங்கெட்ட வழக்கம்.

ஆனால் அவளை உறுத்தியது இது மட்டும் இல்லை. நார்த்தாமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் ஏழு வருடமாக ஒரு படிகத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பிஸ்மத்தும் ஆன்டிமனியும் கலந்த, அரிசி அளவுப் படிகம். டோபாலஜிக்கல் செமிமெட்டல் என்கிற, பாதி உலோகம் போன்ற வகை. அதைக் காந்தத்துக்கு நடுவே வைத்து ஒரு முனையைச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களுக்குக் காந்தப்புலத்தின் திசையில் புதுப் பாதை திறந்து, மறுமுனைக்கு வெப்பம் கூடுதலாகப் போகும் என்று சொல்கிறார்கள். அவள் அளந்தாள். காந்தம் ஏற ஏற வெப்பமும் ஏறியது. சிவசாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரை வெளிவந்தது, ஆய்வேடும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் சுத்தம் செய்யக் கருவியைத் திறந்தாள். பசை விட்டுப்போய், படிகம் அடித்தட்டில் கிடந்தது. நோட்டைப் புரட்டினால், ஒரு தேதியில் படிகத்தின் மின்தடை தாறுமாறாக எகிறியிருந்தது; அன்றைக்கே கழன்றிருக்கிறது. அவள் பெருமைப்பட்ட வரைபடங்கள் அத்தனையும் அந்தத் தேதிக்குப் பிறகு எடுத்தவை. படிகமே இல்லாமல் கருவியை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே கோடு, அதே ஏற்றம். உள்ளே இருந்த தெர்மாமீட்டர்தான் காந்தத்தில் பிசகித் தப்பாகக் காட்டியிருக்கிறது.

அவள் சொன்னதைச் சிவசாமி பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"திரும்ப ஒட்டி வச்சிரும்மா. உள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா? ஏழு வருஷம் போயிரும், யோசிச்சுக்க."

தூ என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் யோசித்தாள், அதுதான் கேவலம். வயது முப்பத்திரண்டு. பட்டம் வந்தால்தான் வேலை. இலுப்பூரில் தையல் மெஷின் மிதித்தே அவளைப் படிக்கவைத்த அம்மா ரஹ்மத் நிஷாவின் முழங்கால் இப்போது மடங்குவதில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தேர்வன்று காலையில் நாலு சீட்டில் வழக்கமான கேள்விகளை எழுதினாள். ஐந்தாவது சீட்டில், 'அளந்தபோது படிகம் இருந்ததா?' என்று எழுதி, கூட ஆராய்ச்சி செய்யும் பொற்கொடியிடம் கொடுத்தாள்.

"அக்கா, இதையுமா கேக்கணும்?"

"இதத்தான் கேக்கணும்."

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் போனைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் பிரியாணி அண்டாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் மூக்கு அங்கிட்டுத் திரும்பியது. நாலு பேர் எழுந்து சீட்டைப் பார்த்து ஒப்பித்தார்கள். அவளும் பதிலை ஒப்பித்தாள். பிறகு பொற்கொடி எழுந்து வாசித்தாள். சிவசாமியின் முகம் வெளுத்துப்போனது.

"இல்ல" என்றாள் ஃபர்ஹானா. "படிகம் முன்னாடியே கழண்டு விழுந்திருச்சு. படிகம் இல்லாமலும் அளந்து பாத்தேன், அதே வரைபடம்தான் வந்துச்சு. தெர்மாமீட்டரோட பிழைய வெப்பம்னு எழுதிட்டேன். இந்த ஆய்வேட்டோட முடிவு தப்பு."

ஒரு வார்த்தையையும் அவள் விழுங்கவில்லை. முன்வரிசையில் அம்மா ஒன்றும் விளங்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஏழு வருடமும் போச்சு, போகட்டும் என்று ஃபர்ஹானா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைதட்டினார். பின்னாலேயே சபை முழுக்கத் தட்டியது. அவர் எழுந்து நின்று தயாராக வைத்திருந்த அறிக்கையை வாசித்தார்: "சபையோர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் திருப்திகரமாகப் பதிலளித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

சிவசாமிக்கு மூச்சு திரும்பியது. பொன்னாடையோடு ஓடி வந்தார். ஃபர்ஹானா அவரை விலக்கிவிட்டுத் தேர்வாளரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் கடைசியா என்ன பதில் சொன்னேன்?"

அவர் அவளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அதாம்மா, காந்தம் ஏறினா வெப்பமும் ஏறும்னு அழகா சொன்னீங்களே. வாங்க டாக்டர், சாப்பிடப் போவோம்."