உள்ளே பார்க்காத வீடு

மூன்றாவது அடிக்கும் பூட்டு அசையவில்லை. அவள் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஓங்கினாள். வாசலில் பிணவண்டி இஞ்சினை அணைக்காமல் நின்றது. அதற்குள் அவள் கணவன், தெருவே வெல்டர் என்று கூப்பிட்ட மனிதன், பிணவறையில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியோடு படுத்திருந்தான்.

“அண்ணி, வேணாம் அண்ணி. நேரா மயானத்துக்கே போயிடலாம்,” என்றான் கொழுந்தன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் அவன்.

“உங்க அண்ணன் இந்த வீட்டை உள்ள வந்து பாத்திருக்காரா?”

“இல்ல.”

“அப்ப இன்னைக்குப் பாப்பாரு. தள்ளி நில்லு.”

வரி கட்டாமல் ஏமாற்றிய ஒரு வியாபாரியிடமிருந்து அரசாங்கம் பறிமுதல் செய்து ஏலம் விட்ட வீடு அது. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள், கதவைத் திறந்து காட்ட மாட்டோம் என்பது ஏலத்தின் சட்டம். தக்காளியைக்கூட அமுக்கிப் பார்த்து வாங்குகிற மனிதன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, ஒரு வீட்டைப் பார்க்காமல் வாங்கினான். அப்புறம் தினமும் பட்டறையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பான். சமையலறை எந்தப் பக்கம், அவளுடைய தையல் மெஷினுக்கு எந்த ஜன்னல் என்று தெருவில் நின்றே முடிவு செய்துவிட்டான். “உள்ள மாட்டுக் கொட்டகை மாதிரி இருந்தா?” என்று அவள் கேலி செய்தால், “மாடு வாங்கிட்டாப் போச்சு” என்பான்.

நேற்றுக் காலைதான் சாவி கைக்கு வந்தது. போலீஸ் துணையோடு போங்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க அவனுக்குப் பொறுமையில்லை. பூட்டில் சாவியை நுழைத்தபோது பின்னாலிருந்து கடப்பாரை விழுந்தது. அடித்தது வியாபாரியின் மகன். முதல் அடி தோளில். “தம்பி, பேசிக்கலாம்” என்று வெல்டர் திரும்பியிருக்கிறான். அடுத்தது வாயில். கீழே விழுந்த பிறகும் அந்தப் பையன் அடிப்பதை நிறுத்தவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் விலாவாரியாகச் சொன்னார். அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றவர். கொன்றவனைவிட அவரை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. மகன் இப்போது லாக்கப்பில். ரத்தம் பட்ட சாவியும் போலீஸ் கையில். கேட்டதற்குத் தர முடியாது என்றுவிட்டார்கள்.

பூட்டு தெறித்து விழுந்தது. அவள் சுத்தியலை இறக்கிய பிறகும் அடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து.

கூடத்துத் தரை முழுக்கத் தளக்கற்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். சுவரைப் பிளந்து ஒயர்களை உருவியிருந்தார்கள். ஜன்னல்களில் சட்டம்கூட இல்லை. கழிவறைக் கோப்பைக்குள் சிமென்ட்டைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டிருந்தார்கள். உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. கோடி மூலையில் ஒரு அம்மாள் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு சம்மட்டியைப் பிடித்து நின்றிருந்தாள். பின்கதவு வழியாக வந்திருக்க வேண்டும். நேற்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்த முகம்தான். கொன்றவனின் தாய்.

“ஏலத்துல நாலு சுவரைத்தானே எடுத்தீங்க. வச்சுக்க. மத்ததெல்லாம் நாங்க போட்டது.”

“அவரைப் படுக்க வைக்கணும். இடம் விடுங்க.”

அந்த அம்மாள் நின்ற மூலையில் மட்டும்தான் தரையும் சுவரும் உடையாமல் இருந்தன.

“எம்புள்ள ஜெயிலுக்குப் போறான். உன் புருஷனுக்கு நான் இடம் விடணுமா?” என்று அந்தத் தரையின்மேல் சம்மட்டியை ஓங்கினாள்.

அதற்குமேல் இவளுக்குக் கண் தெரியவில்லை. சுத்தியல் எப்போது கையை விட்டுப் போனதென்றும் தெரியவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். கீழே கிடந்தவள் முகத்தில் குத்தினாள், மறுபடி குத்தினாள். மூக்கு உடைந்து கையெல்லாம் ரத்தம் பிசுபிசுத்தது. நிறுத்தத் தோன்றவில்லை. நன்றாக இருந்தது. அந்த அம்மாள் கத்தாமல் அவள் மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். ஸ்ட்ரெச்சரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கொழுந்தனும் வண்டி டிரைவரும் ஓடி வந்து பிரித்தார்கள்.

“விடுங்க அண்ணி. செத்துடுவாங்க அண்ணி.”

அந்த அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

“எம்புள்ளையும் இப்படித்தான் அடிச்சானா?” என்று கேட்டாள்.

பிறகு தானாகவே நகர்ந்து வழிவிட்டாள்.

டிரைவரும் கொழுந்தனும் அவனைத் தூக்கி வந்து அந்த மூலையில் கிடத்தினார்கள். கொழுந்தன் முகத்துத் துணியை விலக்கினான். தையல் போட்ட வாயோடு வெல்டரின் முகம் கூடத்தைப் பார்த்துக் கிடந்தது. பிளந்த சுவர், தொங்கும் ஒயர், எல்லாம் நேர் எதிரே.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் கை வைத்தாள். கழுத்து விறைத்திருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, உடையாத சுவர் இருந்த பக்கமாக அவன் முகத்தைத் திருப்பி வைத்தாள்.