கால் நீட்டிய எழுத்து

"கண்ணாடியத் துடைச்சுக் கொடு மிஹரு. இன்னொரு தடவ பாக்கணும்" என்றார் அப்பா. மூக்கில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் குழாயை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

மிஹரு குழாயை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தாள். இன்று ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில்தான் டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது தெரியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கவலை வேறு. மடியில் கிடந்த அச்சுப் பிரதியைப் பகல் பன்னிரண்டு மணிக்கு அச்சகத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அப்பா தமோட்சு ஹிரோஷிமாவில் முப்பத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்து எழுதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்துக் காக்கும் ஒரு சிறு குழுவுக்குப் பெட்டி தூக்கப் போனார். போன இடத்தில் கனசாஷி யோஷினோ என்ற தையற்காரியின் கவிதைகளை யாராலும் வாசிக்க முடியாமல் வைத்திருந்தார்கள். வலக்கை வெந்துபோனவள், இடக்கையால் பென்சில் பிடித்துக் கிறுக்கியிருந்தாள். அப்பாதான் அந்தக் கிறுக்கலோடு மல்லுக்கட்டிப் பிரதி எடுத்தார். பதினைந்து வருஷமாக ஆகஸ்ட் மாதம் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் வாசிப்பது அவருடைய பிரதியைத்தான். இப்போதுதான் அது புத்தகமாகிறது.

"இந்த எடத்தப் படி."

"ஆற்றில் பிள்ளைகள் அழுகிறார்கள். உதடெல்லாம் நீலம். போதும், மேலே வா."

"யாரு சொல்றா, மேல வான்னு?"

"அம்மாக்காரி. செத்துப்போன பிள்ளையக் கூப்பிடுறா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா."

"தேதியப் பாரு."

குண்டு விழுந்து இரண்டு வருஷம் கழிந்த ஒரு ஜூலை மாதம்.

"அந்த ஜூலைல எனக்குப் பத்து வயசு. பொழுதன்னைக்கும் ஆத்துலதான் கெடப்போம். எங்கம்மா கரைல நின்னு கத்துவா, உதடு நீலம் பாரிச்சுப்போச்சு, போதும், ஏறி வாடான்னு." மூச்சு வாங்கினார். "அது அழுகை இல்ல மிஹரு. நீந்துறாங்க."

ஜன்னலோரம் பீச் பழம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஹட்சுவே நிமிர்ந்தாள். "பதினஞ்சு வருஷமா தெரியாதது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்."

"முந்தாநாள். சவரம் பண்றப்ப கண்ணாடில என் உதட்டப் பாத்தேன். நீலமா இருந்துச்சு. எங்கம்மா நெனப்பு வந்துருச்சு."

அம்மாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு பழத்தோல் மறுபடி நீளமாக இறங்கத் தொடங்கியது.

ஜப்பானிய மொழியில் 'அழு', 'நீந்து' இரண்டுக்கும் ஆளுக்கொரு தனி எழுத்து. இரண்டு எழுத்துக்கும் இடப்பக்கம் ஒன்றுதான்: மூன்று நீர்த்துளிகள். வலப்பக்கம்தான் வேறு. 'அழு'வுக்கு அடியில் ஒரு கோடு படுத்திருக்கும். 'நீந்து'வுக்கு அது ஓரமாகக் கால் நீட்டியிருக்கும். அப்பா பிரதி எடுக்க வைத்திருந்த கையெழுத்து ஜெராக்ஸில் கோடு படுத்தேதான் இருந்தது.

"ஜெராக்ஸ நம்பாத. போயி அசலப் பாரு."

"இப்பவா?"

"நீ போடி" என்றாள் அம்மா. "நான் இருக்கேன். நீ போகலேன்னா இந்த மனுஷன் குழாயப் பிடுங்கிட்டுத் தானே கெளம்பிருவாரு."

அசல் தாள்களைக் குழு வைத்திருந்த நூலகத்துக்கு மிஹரு போய்ச் சேரும்போது பதினொன்றரை. குழுவின் தலைவி சுகினோ டீச்சர் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "காய்ச்சல்ல பேசுறாராம்மா? நீந்துறாங்கன்னு போட்டா ஜனங்க என்ன சொல்லுவாங்க? சாம்பலுக்கு நடுவுல நீச்சலான்னு கேக்க மாட்டாங்க?"

"கேக்கட்டும் டீச்சர். நீங்க பெட்டியத் திறங்க."

நாலாக மடித்து ஊசிப் பெட்டியில் கிடந்த தாள் அது. டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. மிஹரு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. இது பென்சிலா, மடிப்பா?"

மிஹரு குனிந்தாள். படுத்திருந்தது கோடே இல்லை. தாளின் மடிப்பு. அதற்குக் கீழே மெல்லிசாக, வெளுத்துப்போன ஒரு பென்சில் இழுப்பு, வலப்பக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு போனது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அச்சகத்துக்குப் போன் போட்டார். "நிறுத்துங்க. ஒரு எழுத்து மாத்தணும்... ஆமாய்யா, ஒரே எழுத்துதான். மாத்தலேன்னா நான் அங்கயே வந்து மிஷின் மேல உக்காந்துக்குவேன்."

மிஹரு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அம்மா போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"அப்பா, அது கோடு இல்ல, மடிப்பு. கால் நீட்டியிருக்குப்பா."

மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. இருமலா என்று பயந்துபோனாள். பிறகு அவர் குரல் வந்தது. "அடப்பாவி. பதினஞ்சு வருஷமா அந்தப் பிள்ளைங்கள நான்ல அழ வச்சிருக்கேன்."

"சிரிச்சுச் சிரிச்சுக் குழாய் கழண்டுபோச்சு" என்றாள் அம்மா. "நான் வைக்கிறேன்."

மிஹரு திரும்பியபோது அவர் ஐஸ் சீவல் கேட்டு அடம்பிடித்து வாங்கித் தின்றிருந்தார். ஸ்ட்ராபெரி பாகு உதட்டில் சிவப்பாக ஒட்டியிருந்தது. புது எழுத்தோடு வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"இன்னொரு தடவ."

"ஆற்றில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்."

மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். கையை நீட்டி மணியை அழுத்தினாள். ஈரத்துணியை எடுத்தவள், அந்தச் சிவப்பைத் துடைக்காமல் துணியை மடித்துக் கீழே வைத்தாள்.

மாலை நாலரைக்கு அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. ஓட்டுகிற இளைஞன் ஏசி போட்டான். "வேணாம்ப்பா, ஜன்னலத் திறந்து விடு" என்றாள் அம்மா. "அவருக்குக் காத்து வேணும். டிராம்ல முன் ஜன்னல மூடவே மாட்டாரு. மழை அடிச்சாலும் நனைஞ்சுட்டு ஓட்டுவாரு, திட்டுவாங்க..."

பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே புகுந்து, அப்பாவின் முகத்தில் போட்டிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கியது. யாரெல்லாம் திட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே அம்மா அதன் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.